காஸ், தக்கலை

உன் எண்ணை என் போனில்
'காஸ், தக்கலை' என்று பதிந்து வைத்திருக்கிறேன்.
எட்டு வருடத்தில் மூன்று போன் மாறியாயிற்று.
பெயர் மாறவில்லை.

நீயாக அழைத்ததில்லை. நம் பேச்சு அப்படி:
வருடத்துக்கு ஒரு படம்,
பின்னால் பென்சிலில் உயரமும் எடையும்,
அனுப்புநர் முகவரி எழுதாத உறை.
கிறிஸ்துமஸ் லீவில் ஒருநாள் தக்கலை பஸ் நிலையம்,
முக்கால் மணிநேரம்.
அவளுக்கு நீ குறும்பனை ஆன்றி.
ஏத்தங்காய் வற்றல் வாங்கி வருவாய்.
அவள் தின்பதை, நீ தின்னாமல், பார்ப்பாய்.
நேரம் முடிந்ததும் வந்து நிற்கும் பஸ்
எதுவானாலும் அது எங்கள் பஸ்.

படங்களில் அவள் சிரிக்காததாய்ப் பார்த்து எடுப்பேன்.
ரொம்பச் சிரித்தால் உனக்கு வலிக்குமே என்று
ஜெயசிங்கிடம் சொன்னேன்.
பொய்.
சிரிக்கும்போதுதான் அவளுக்கு உன் முகம் வருகிறது.

ஆனி மழை. உண்ணாமலைக்கடையில் கரண்ட் இல்லை.
இரவு ஒன்றரைக்கு ரெனிஷாவின் நெஞ்சுக்குள்
யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம்.
உதடு நாவற்பழம் தின்ற மாதிரி.
ஆட்டோ இல்லை; பால்வண்டிக்காரரை எழுப்பி
மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்தோம்.

"குடும்பத்துல ஆருக்காவது இழுப்பு உண்டா?"
டாக்டர் கேட்டார்.
"இல்ல சார். எனக்க அப்பாவுக்கு சுகர் மட்டுந்தான்"
என்றார் ஜெயசிங், யோசிக்காமல்.
அவர் எதையும் மறைக்கவில்லை.
அவருக்கு அது நினைவிலேயே இல்லை.
அந்த மனுசனை அந்த நிமிடம்
கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

மாடிப்படியில் நின்று காஸை அழைத்தேன்.
ஒரே மணி.
ஹலோ இல்லை. ஆரு என்று இல்லை.
"பிள்ளைக்கு என்ன?"

சொன்னேன்.
"எனக்க அம்மைக்கு உண்டு. எனக்கும் கொச்சுலே உண்டு.
இருத்தி வைங்க, கிடத்தப்பிடாது.
பின்ன, ஒரு ஊசி உண்டு, பென்னுண்ணு தொடங்கும்.
எங்க அண்ணனுக்குப் போட்டு
மேலெல்லாம் தடிச்சு மூச்சு நிண்ணுபோச்சு.
அத போட விடாதீங்க, கேட்டியளா?"
உன் குரலுக்குப் பின்னால் கடல் கேட்டது.
அல்லது மழைதானோ. எனக்கு நிச்சயமில்லை.

நர்ஸ் எழுதினாள்: தாய், ஆஸ்துமா.
எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.
"உங்களுக்கு எப்பத்துல இருந்து?"
ஒரு ஆயுளில் சளி தவிர வேறொன்றும் அறியாத
இந்த நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்:
"கொச்சுலே."
உன்னிடமிருந்து நான் வாங்கிக்கொண்டதில்
இது இரண்டாவது.

விடிந்தது. வரச் சொல்லவில்லை நான்.
எந்த ஆசுபத்திரி என்றும் சொல்லவில்லை.
செருப்பு விடுகிற இடத்தில்
சேலைக்கரை நனைந்து நீ நின்றிருந்தாய்,
முதல் பஸ்ஸில், மூன்றாவது ஆசுபத்திரியில்.
கையில் வற்றல் இல்லை.
உன் இன்ஹேலர் மட்டும், மூடி தொலைந்தது.

உள்ளே வா என்றேன்.
எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை.

மூக்கில் மாஸ்க்கோடு அவள் உன்னைப் பார்த்தாள்.
இன்ஹேலரைப் பார்த்தாள்.
கையிலிருந்த என் போனைப் பார்த்தாள்;
விளையாடக் கொடுத்திருந்தேன், பாழாய்ப்போனதை.
மாஸ்க்கை விலக்கினாள்.

"அம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு
எதுக்கு காஸ்காரனுக்கு விளிச்ச?"

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாய்.
அவளுக்கு உன் சிரிப்பு தொற்றி இருமல் வந்தது.
நர்ஸ் அதட்டினாள்.

கட்டிலருகே இருந்தது ஒரே நாற்காலி.
அதன் மேலிருந்த என் பையை எடுத்துத் தரையில் வைத்தேன்.